மருந்தின் அளவும் வேளையும்: பெரார்கஞ்ச் உணர்த்தும் வரலாறு

தென் அந்தமானில், தலைநகரத்திலிருந்து வடக்கே செல்லும் பெருவழியில் பெரார்கஞ்ச் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. 1923 முதல் 1931 வரை அத்தீவுகளின் தலைமை ஆணையராக விளங்கிய பெரார் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் பெயரோடு, சந்தையைக் குறிக்கும் 'கஞ்ச்' என்ற வடபுலச் சொல் சேர்ந்து இப்பெயர் உருவாயிற்று. இவ்வூரில் தமிழும் வங்காளமும் இந்தியும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இத்தகைய ஊர் புதிதன்று. பம்பாயின் தாராவியிலும், தில்லியின் கரோல் பாகிலும், கல்கத்தாவின் தெற்குப் பகுதிகளிலும் நாம் கண்டு பழகிய வாழ்க்கையே அங்கும் நடைபெறுகிறது.

மருந்தை உரிய அளவில் உட்கொள்வது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதற்கும் வங்கக் கடல் நடுவே உள்ள ஓர் ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தமானின் வரலாற்றில் பெரும்பகுதி காய்ச்சலின் வரலாறாகவே இருந்தது. எந்த மருந்து என்பதோடு, எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்னும் மூன்று வினாக்களும் மனித உயிரைத் தீர்மானிப்பதை அத்தீவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேயர் என்னும் கடற்படை அதிகாரி இன்றைய தலைநகரம் உள்ள துறைமுகத்தில் முதற் குடியேற்றத்தை நிறுவினார். 1792இல் அது வடகிழக்கில் உள்ள வேறொரு துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1796இல், அக்குடியேற்றம் முற்றிலும் கைவிடப்பட்டது. நோயும் சாவுமே அதற்குக் காரணம். அந்நாளில் முறைக்காய்ச்சலுக்கு உலகம் அறிந்திருந்த நல்ல மருந்து, தென் அமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை ஒன்றுதான். பட்டையை இடித்துத் தூளாக்கிக் கொடுப்பார்கள். ஆனால் ஒரு மரத்தின் பட்டையில் உள்ள சத்து மற்றொரு மரத்தின் பட்டையில் இராது. ஆகவே எவ்வளவு தூள் கொடுத்தால் எவ்வளவு மருந்து உடலுக்குள் சென்றது என்பதை எந்த வைத்தியராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அந்நாளில் மருந்து இருந்தும் அதற்கு ஒரு நிலையான அளவு இல்லை.

1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அப்பட்டையிலிருந்து குவினைனைத் தனியே பிரித்தெடுத்தனர். நம் நாட்டு மக்கள் 'கொயினா' என்று வழங்கிய மருந்து இதுவே. அந்நாள் தொட்டு மருந்தை நிறுத்துக் கொடுக்கலாம் என்ற நிலை பிறந்தது. 'இத்தனை கிரெயின்' என்று வைத்தியர் எழுதினால், சென்னையிலும் இலண்டனிலும் அது ஒரே பொருள் தரும். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். மருந்துச் சீட்டு என்பது நம்பகமான ஆவணமாக மாறியதற்கு இத்தகைய தூய்மையாக்கமே அடிப்படை.

1858 மார்ச்சு மாதத்தில், சிப்பாய்ப் புரட்சியில் சிறைப்பட்ட இருநூறு பேருடன் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் அந்தமானில் இறங்கினார். காடழித்து நிலந்திருத்தும் பணி கைதிகளின் தலையில் விழுந்தது. காய்ச்சல் அவர்களைத் தொடர்ந்தது. அதே காலத்தில் கொயினாவுக்கு நாடெங்கும் பெருந்தேவை எழுந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் சென்ற குழுக்கள் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா விதைகளையும் நாற்றுகளையும் கொணர்ந்தன. 1860களில் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், மக்ஐவர் என்பாரின் மேற்பார்வையில் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. வால்பாறைப் பகுதியில் 'சிங்கோனா' என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் இருப்பதை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கலாம்.

நீலகிரியில் செழித்து வளர்ந்த செம்பட்டை மரத்தில் குவினைன் குறைவு. அதனுடன் பிறந்த வேறு மூன்று சத்துகள் மிகுதி. அவையும் காய்ச்சலைத் தணிக்குமா என்று ஆராய 1866இல் சென்னை அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. நான்கு சத்துகளையும் தனித்தனியே நோயாளிகளுக்கு அளந்து கொடுத்து, பயனைக் குறித்து வைத்தனர். மற்ற மூன்றும் பயன்படும் என்ற முடிவு கிடைத்தது. மருந்தை அளந்து கொடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு உண்மை காணும் முறைக்கு நம் மண்ணில் கிடைத்த முற்காலச் சான்றுகளுள் இது ஒன்று.

1892இல் வங்காளத்தில் மற்றொரு நல்ல ஏற்பாடு தோன்றியது. கொயினாவைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பொட்டலம் ஒரு பைசாவுக்குத் தபால் நிலையங்களில் விற்றனர். தராசும் கம்பவுண்டரும் இல்லாத சிற்றூரில், ஒரு வேளைக்குரிய மருந்து அளந்த நிலையில் ஏழையின் கைக்கு வந்து சேர்ந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் மாத்திரை அட்டைகளில் ஒவ்வொரு மாத்திரையும் தன் தனிக் குழியில் இருக்கிறது. அந்தப் பைசாப் பொட்டலத்தின் கருத்தே இதிலும் தொடர்கிறது.

இனி அந்தமானுக்குத் திரும்புவோம். 1872 பிப்ரவரி 8ஆம் நாள் இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு ஹாரியட் மலைமீது ஏறினார். நோயுற்றோர் தங்கி உடல் தேறுவதற்கு அம்மலை ஏற்றதா என்று பார்ப்பது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. மாலையில் மலையினின்று இறங்கி, ஹோப்டவுன் படகுத் துறையில் கால் வைத்தபோது ஷேர் அலி என்னும் கைதியால் குத்துண்டு இறந்தார். சரித்திர நூல்கள் அக்கொலையை விரித்துரைக்கின்றன. மலையேறிய காரணத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அம்மலையும் அத்துறையும் இன்று பெரார்கஞ்ச் வட்டத்துக்குள் அடங்கியவை. 2021 முதல் அம்மலை மணிப்பூர் மலை என்ற பெயரைப் பெற்றுள்ளது. போர்ட் பிளேயர் நகரமும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது.

மலைக்காற்றைத் தேடியதற்குக் காரணம் உண்டு. கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று அந்நாளில் நம்பினார்கள். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபின் அந்த நம்பிக்கை கலைந்தது. 1912இல் கிறிஸ்டோபர்ஸ் என்னும் அறிஞர் அந்தமானின் மலேரியாவைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அத்தீவில் நோயைப் பரப்புவது உவர்நீரில் முட்டையிடும் ஒரு வகைக் கொசு என்றும், கடலோரச் சதுப்புக்கு அருகே உள்ள குடியிருப்புகளே மிகுதியாகத் துன்புறுகின்றன என்றும் அவர் காட்டினார்.

இந்த அறிவு பிறந்த பின்னரே பெரார்கஞ்ச் உருவாயிற்று. ஐக்கிய மாகாணத்தில் வாழ்ந்த பாந்து என்னும் குலத்தாரை அன்றைய ஆட்சி குற்றப் பரம்பரையினர் என்று முத்திரையிட்டிருந்தது. அச்சட்டத்தின் கொடுமையைத் தமிழ்நாட்டிலும் பல சமூகத்தார் அனுபவித்தவர்களே. 1926ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாந்துக் குடும்பங்கள் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டுப் பெரார்கஞ்சிலும் அண்டைச் சிற்றூர்களிலும் குடியமர்த்தப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின், 1949 முதல், கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இவ்வட்டாரத்தில் நிலம் பெற்றனர். பிழைப்பு நாடித் தமிழரும் மலையாளிகளும் வந்தனர். ஊருக்கு ஊர் மொழி மாறினாலும் காய்ச்சல் மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. புது மண்ணில் வந்திறங்குபவர்க்கு அங்குள்ள நோயை எதிர்க்கும் வலிமை உடலில் இராது. மருந்துச் சீட்டைப் படித்துணரும் மொழியறிவும் பெரும்பாலும் இராது. பெயர்ந்து வாழ்வோர்க்கு இவ்விரண்டும் இன்றுவரை நீங்காத இடர்கள்.

கொயினா கடுங்கசப்பு. சற்று மிகுந்தால் காதில் இரைச்சல் எழும், தலை சுற்றும், மிக மிகுந்தால் கண் பார்வையும் கெடும். எனவே காய்ச்சல் விட்டதும் மருந்தையும் விட்டுவிடுவது மக்களின் இயல்பாயிற்று. சில வாரம் சென்று காய்ச்சல் மீளும்போது பழி கொயினாவின் மேல் விழும். நோயின் அடையாளம் மறைவதும் நோய் தீர்வதும் வெவ்வேறானவை என்பதை உணராமையே இதற்குக் காரணம். மருந்தின் அளவைப் பற்றிய தவறுகளில் பெரும்பான்மை இன்றும் இந்த ஓர் இடத்திலிருந்தே பிறக்கின்றன.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பாடத்தை உலகுக்கே கற்பித்தது. 1942 மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் சாவகத் தீவைக் கைப்பற்றினர். உலகின் கொயினாவில் மிகப் பெரும் பங்கு அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. அதே மாதம் 23ஆம் நாள் அந்தமானும் அவர்கள் வசமாயிற்று. கொயினா இல்லாத நேச நாடுகள் மெபாக்ரின் என்னும் மஞ்சள் நிற மாத்திரையை நாடின. அதை உண்டால் தோல் மஞ்சளிக்கும். ஆண்மை குன்றும் என்ற வீண் வதந்தியும் படைகளிடையே பரவியது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் ஹாமில்டன் பெயர்லி நடத்திய சோதனைகள், நாள்தோறும் 100 மில்லிகிராம் தவறாமல் உட்கொண்டால் காய்ச்சல் தலைகாட்டாது என்று நிறுவின. பர்மாப் போர்முனையில் படைத்தலைவர் ஸ்லிம் திடீர்ச் சோதனைகள் நடத்தினார். மருந்து உட்கொண்டவர்களின் தொகை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்த படைப்பிரிவுகளின் தலைவர் மூவரைப் பதவியினின்று நீக்கியதாக அவரே தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அதன் பின்னர்ப் படையில் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. மாத்திரை முன்பு இருந்ததுதான்; தவறாமல் விழுங்கியதே வேறுபாடு.

போருக்குப் பின் குளோரோக்வின் வந்தது. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோக்வினும் பதினான்கு நாள் பிரைமாக்வினும் கொடுப்பது நம் நாட்டின் முறை. குளோரோக்வினை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் இரு நாள் 10 மில்லிகிராமும் மூன்றாம் நாள் 5 மில்லிகிராமும் என்று கணக்கிடுவர். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிடுகிறதே, பின்னர்ப் பதினான்கு நாள் மருந்து எதற்கு? 1948இல் ஷார்ட், கார்ன்ஹம் என்னும் அறிஞர்கள் இதற்கு விடை காண வழி திறந்தனர். இவர்களுள் ஷார்ட் முன்னர்ச் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். மலேரியாக் கிருமி இரத்தத்தை அடையுமுன் ஈரலில் தங்கி வளர்கிறது என்று இவர்கள் கண்டனர். வைவாக்ஸ் கிருமிகளில் சில ஈரலில் உறங்கிக் கிடந்து பன்னாள் கழித்து விழிக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இரத்தத்தில் உள்ள பகையைக் குளோரோக்வின் அழிக்கும். ஈரலில் உறங்கும் பகையைப் பிரைமாக்வின் அழிக்கும். இந்த மருந்தையும் எல்லாருக்கும் கொடுத்துவிட முடியாது. கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைகளும் இதை உட்கொள்ளலாகாது. சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு இரத்தம் சிதையும் ஆபத்து உண்டு. மருந்து உண்ணும் நாட்களில் சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் பழமொழி கூறும். விருந்தாளியின் நாகரிகத்துக்கு அது நல்ல அறிவுரை. மருந்துக்கு அதையே விதியாகக் கொண்டால் ஈரலில் உறங்கும் கிருமி நம்மைப் பார்த்து நகைக்கும்.

குறைந்த அளவில் மற்றொரு தீங்கும் உண்டு. அரைகுறை மருந்தில் வலிமையற்ற கிருமிகள் மடிகின்றன. வலிமையுள்ளவை தப்பிப் பெருகுகின்றன. 1973இல் அஸ்ஸாமில், குளோரோக்வினுக்கு அடங்காத பால்சிபாரம் மலேரியா நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று அவ்வகைக்கு ஆர்ட்டெமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து தரப்படுகிறது. ஒருவர் பாதியில் விட்ட மாத்திரையின் விளைவு அவரோடு நிற்பதில்லை. அண்டை வீட்டாரும் அடுத்த தலைமுறையும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

மருந்தை உட்கொள்ளும் முறையைப் பற்றி உலகம் கற்ற மிகப் பெரிய பாடங்களுள் ஒன்று சென்னையில் பிறந்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்பார் அதனை நடத்தினார். அதுவரை காசநோயாளிகளை ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் அளித்தனர். அந்த வசதி ஏழைகளுக்கு ஏது? நெருக்கமான குடிசையில், எளிய உணவோடு, மாத்திரையை மட்டும் ஓராண்டு ஒழுங்காக உட்கொண்டால் போதுமா என்று அந்நிலையம் ஆராய்ந்தது. ஐசோனியாசிடும் பாஸ் என்னும் மருந்தும் தரப்பட்டன. 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஆரோக்கிய நிலையத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள்.

அம்முடிவின் உட்பொருளை நாம் கருத வேண்டும். படுக்கையும் முட்டையும் பாலும் நோயைத் தீர்க்கவில்லை. ஒழுங்காக வயிற்றுக்குள் சென்ற மாத்திரையே தீர்த்தது. அந்த ஒழுங்கை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரில் மருந்தின் அடையாளத்தைத் தேடினர். நல்ல மனம் படைத்தவர்களும் மருந்தைத் தவறவிடுகிறார்கள் என்பது தெரிந்தது. பிறர் கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் முறை அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்து உலகெங்கும் பரவியது. இன்று நம் நாட்டில் காசநோய்க்குப் பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து, நோயாளியின் எடைக்கேற்பத் தினந்தோறும் கொடுக்கிறார்கள். மருந்துக்கு அடங்கும் சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் இம்மருந்து வேண்டும்.

அந்தமானுக்கும் இவ்வகைப் பங்கு உண்டு. 1983இல் அங்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் அமைந்தது. 1980களின் இறுதி முதல் அத்தீவுகளில் நுரையீரலில் இரத்தக்கசிவோடு வந்த ஒரு காய்ச்சல் மக்களை அச்சுறுத்தியது. அது எலிக்காய்ச்சல் என்று அந்நிலையத்தார் கண்டனர். வயலில் இறங்கும் மக்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, கிருமி உடலில் புகுவதை மருந்து தடுத்துவிடவில்லை. நோயாக வெளிப்படுவதை மட்டும் குறைத்தது. ஒரு மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் திட்டமாக அறிந்திருப்பதும் அளவறிவின் ஒரு கூறே.

வேளை தவறாமை ஏன் இன்றியமையாதது? ஓட்டைக் குடத்தில் நீரை ஒரு குறித்த மட்டத்தில் நிறுத்த விரும்பும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஒழுகும் வேகத்துக்கு ஏற்ப அவர் இடைவிட்டு நீர் ஊற்ற வேண்டும். நம் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை இடைவிடாது வெளியேற்றுகின்றன. விரைவில் வெளியேறும் மருந்தை எட்டு மணிக்கு ஒருமுறையும், மெல்ல வெளியேறுவதை நாளுக்கு ஒருமுறையும் உட்கொள்கிறோம். ஒரு வேளை தவறினால் மட்டம் தாழ்கிறது. அதற்கு ஈடாக அடுத்த வேளை இரட்டிப்பாக உட்கொண்டால் குடம் வழிந்து நஞ்சாகிறது. தவறியது நினைவுக்கு வந்தவுடன் உட்கொள்வதும், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுவதும் பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தும். ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிவதே நன்று. முதியோர்க்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும், ஓட்டை சிறிதாகிவிடும். ஆகவே மகனுக்கு ஏற்ற அளவு தந்தைக்கு மிகையாகலாம்.

அளவு என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. சித்த வைத்தியர் குன்றிமணியையும் வராகனெடையையும் கொண்டு நிறுத்தார், தேனோ வெந்நீரோ என அனுபானத்தைக் குறித்தார், பத்தியமும் விதித்தார். பின்வந்த அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கம்பவுண்டர் கலவை மருந்துச் சீசாவின் பக்கத்தில் பற்கள்போல் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்தறியாத மூதாட்டியும் அதைப் பார்த்துப் பிசகின்றி மருந்து அருந்தினார். பட்டை மறைந்துவிட்டது, அதன் இடத்தில் அளவுக் கோடிட்ட சிறு மூடி வந்திருக்கிறது. அந்த மூடியை எறிந்துவிட்டுச் சமையலறைக் கரண்டியை எடுப்பவர் பலர். மருந்தின் தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர். நம் வீட்டுக் கரண்டிகளோ ஆளுக்கொரு அளவு. குழந்தைகளுக்குரிய பாராசிட்டமால் மருந்தில் மற்றுமோர் ஆபத்து உண்டு. சொட்டு மருந்தில் சத்து மிகச் செறிந்திருக்கும். பாகு மருந்தில் நீர்த்திருக்கும். பாகுக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் குழந்தை பன்மடங்கு மருந்தை உட்கொள்ள நேரும்.

இனி மொழியைப் பற்றிச் சில சொற்கள். அரசாங்க மொழிபெயர்ப்புப் பணியில் காலங்கழிக்கும் நமக்கு இது உள்ளத்தை உறுத்தும் பொருள். 'மூன்று வேளை' என்று தமிழில் எழுதுவது எளிது. ஆனால் தமிழரின் 'வேளை' உணவோடு பிணைந்தது. காலையில் காப்பி மட்டும் அருந்தி, நடுப்பகலில் உண்டு, இரவு பத்துக்கு மீண்டும் உண்பவரின் மூன்று வேளைகளும் எட்டு மணி நேர இடைவெளியில் அமைவதில்லை. இரவு முழுதும் ஆலையில் வேலை செய்து பகலில் உறங்குபவருக்கு 'இரவு படுக்குமுன்' என்ற சொல் எந்தப் பொழுதைக் குறிக்கும்? இந்தியில் 'கல்' என்ற ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். வந்து சில மாதமே ஆன தமிழர் ஒருவர், மருந்தை நாளை நிறுத்த வேண்டுமென்று வைத்தியர் சொன்னாரா, நேற்றே நிறுத்தியிருக்க வேண்டுமென்றாரா என்று திகைப்பதில் வியப்பில்லை. வைத்தியர்கள் எழுதும் '1–0–1' என்னும் குறி இத்துன்பத்தை ஓரளவு நீக்குகிறது. காலை ஒன்று, பகலில் இல்லை, இரவு ஒன்று என்பதை எம்மொழியாரும் அறியலாம். எனினும் எத்தனை நாள் என்பதை அக்குறி சொல்லாது. அதை நாமே கேட்டு, நம் மொழியில், நம் கையால் எழுதிக்கொள்ள வேண்டும்.

உணவுக்கு முன்னா பின்னா என்பதும் வெறும் சடங்கன்று. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில்தான் நன்கு ஏறும். நீரிழிவுக்குரிய மெட்பார்மினை உணவோடு உட்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைப் பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் உட்கொண்டால் அவற்றின் ஆற்றல் குன்றும். டாக்சிசைக்ளினை ஒரு குவளை நிறைய நீரோடு விழுங்கி, சற்று நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழல் புண்படும். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் மருந்தோ, அழுத்தம் சரியாக இருக்கிறது என்பதற்காக நிறுத்தத்தக்கது அன்று. அம்மருந்தினால்தானே அழுத்தம் சரியாக இருக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் தனியே கருத வேண்டியவை சில உள. ஊருக்குப் புறப்படும்போது மருந்துச் சீட்டையும், திரும்பும் நாள்வரை வேண்டிய மருந்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். மருந்தின் வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறலாம். ஆகையால் அட்டையில் காணும் பொதுப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் குறித்து வைக்க வேண்டும். அண்டை வீட்டுத் தமிழருக்குக் குணமளித்த மருந்து என்பதால் அதையே நாமும் வாங்கலாகாது. அன்பினால் பகிர்ந்துகொள்ளத் தக்கவை வேறு பல இருக்கின்றன. காசநோய்க்கு மருந்து உண்பவர் வேலை மாறியோ திருவிழாவுக்கோ சொந்த ஊர் செல்ல நேர்ந்தால் தம் நிக்ஷய் பதிவு எண்ணைச் சொல்லி அங்குள்ள அரசு மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடரலாம். பயணம் காரணமாக விடப்படும் சில வாரங்கள், ஆறு மாதத்தில் தீரக்கூடிய நோயை மருந்துக்கு அடங்காத நோயாக மாற்றிவிடக்கூடும்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அது வைப்பது, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவரை. மருந்துக் கலையின் வரலாறு முதல் மூன்றையும் வானளாவ வளர்த்துவிட்டது. பட்டைத்தூள் கொயினாவாகி, கொயினா கூட்டு மருந்தாகியது. நான்காம் கூறு மட்டும் அன்றுபோலவே இன்றும் வீட்டில் உள்ளவரின் பொறுப்பாக இருக்கிறது. பிறந்த ஊரில் அந்த இடத்தில் ஒரு தாயோ அத்தையோ பாட்டியோ இருப்பார். வேற்றூரில், ஒற்றை அறையில், நான்கு பேர் சேர்ந்து தங்கும் இளைஞர்களுக்கு அவ்விடம் வெறுமையாகக் கிடக்கிறது.

அதை நிரப்பப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அடுத்த கட்டிலில் காய்ச்சலோடு கிடப்பவரின் மாத்திரை அட்டையை எடுத்து, இன்னும் எத்தனை குழிகள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே போதும். காய்ச்சல் விட்டபின்னும் அட்டையில் மாத்திரை எஞ்சியிருந்தால், அது எத்தனை நாளைக்கு எழுதப்பட்டது என்று கேட்டு, ஒரு குவளை நீரைக் கையில் கொடுப்போமாக.